உயிரோடு ஓர் அமீபா

அமீபாவை நான் நூறு முறையாவது வரைந்திருப்பேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப் ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்கள். ஆசிரியை வெள்ளிக்கிழமைதோறும் பதிவேட்டு வரிசைப்படி இரண்டு பேரை முன்னால் அழைத்து, குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை வைத்துக் காட்டுவார். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும். என் பெயர் பதிவேட்டில் கடைசிக்கு முந்தியது. ஆண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை என் முறை. அந்த விடுமுறை முடியவே இல்லை. டிசம்பரில் சண்டை வந்தது. ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் தங்கினார்கள்.

அந்த வருடம் முழுக்க, பாசாருக்குச் சாமான் வாங்கப் போக நேர்வழி இருந்தும் நான் பள்ளிக்கூடம் இருந்த சடக்கு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன். வேலிக்கு வெளியே நிற்க முடியாது. காவல்காரனுக்குக் குனிந்து வணங்கிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடந்தபடியே மாடியில் மூன்றாவது ஜன்னலைப் பார்ப்பேன். அதுதான் ஆய்வறை. அங்கே மைக்ரோஸ்கோப் பெட்டி இருந்த இடத்தில் கொடி கட்டி, நம் ஊர்க் கோவணம் போன்ற நீளமான வெள்ளைத் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பா கம்பிச் சடக்கில் தண்டவாளம் மாற்றும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். எனக்கு எட்டு வயதானபோது இறந்துபோனார். அதன் பிறகு அம்மா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்றாள். ஆப்பச் சட்டியின் முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் விளக்கடியில் நான். எங்கள் காலைப்பொழுதுகள் அப்படித்தான் போயின. மதிப்பெண் அட்டையில் அவள் கட்டைவிரல் வைக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது.

ஜப்பான் காலத்தில் பச்சரிசியும் இல்லை, தேங்காயும் அகப்படவில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கைக் காயவைத்து இடித்து அடை தட்டினாள். நான் கிழங்கைச் சீவிக்கொண்டே, மறந்துவிடக் கூடாதென்று படித்த பாடங்களை வாய்விட்டுச் சொல்வேன். ஒரே உயிரணுவால் ஆன உயிர்களை அவற்றின் உடலமைப்பையும் நகரும் விதத்தையும் வைத்து நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். உடம்பின் ஒரு பகுதியையே காலாக நீட்டி, அதற்குள் ஒழுகி ஊர்பவை ஒரு கூட்டம். அமீபா அந்தக் கூட்டம். சாட்டை போன்ற நீண்ட இழையைச் சுழற்றி நீந்துபவை இரண்டாவது. உடம்பெங்கும் நுண்ணிய மயிர்கள் கொண்டு, அவற்றைத் துடுப்புகளாக அடித்துப் போகிறவை மூன்றாவது. நான்காவது கூட்டத்துக்கு நகர எந்த உறுப்பும் கிடையாது. மலேரியாக் கிருமி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதைக் கொசு சுமந்துகொண்டு போக வேண்டும்.

ஒரு நாள் அம்மா அடையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

“காலே இல்ல, வேணுங்கறப்ப ஒண்ணு நீட்டிக்கும்னு சொல்றியே, அதுக்குக் கண்ணு?”

“கண்ணும் இல்லம்மா. வாயும் இல்ல.”

“வாயில்லன்னா நல்லதாப் போச்சு. அரிசிக்கு வரிசையில நிக்க வேணாம்.”

நான் சிரிக்கவில்லை. பாடத்தைக் கேலி செய்கிறாள் என்று கோபம் வந்தது. “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்றேன். அம்மா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், களைத்த மனிதர். மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பொய். என்னென்ன பார்த்திருக்கிறாய் என்றார். நான்கு கூட்டங்களையும், ஒவ்வொன்றின் உட்கரு எப்படியிருக்கும் என்பதையும் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் முகத்தில் ஒரு கணம் பழைய காலம் வந்து போனது. வேலை கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான், பத்து வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஒரு தெம்பு. முதல் நான்கு மாதம் அவர் என்னைக் கண்ணாடித் தகடுகளைக் கழுவ வைத்தார். பிறகு ஓரத்தில் இருந்த பழைய மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்தார். அதன் கீழ்க்கண்ணாடியில் ஒரு விரிசல்.

அதில் நான் நிறையப் பார்த்தேன். மோதிர வடிவில் தெரியும் மலேரியாக் கிருமிகளை நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தகடுகளில் பார்த்தேன். அந்த வருடங்களில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. இரண்டு உட்கருக்கள் இரண்டு கண்களைப் போல விழித்துப் பார்க்கும் பேரிக்காய் வடிவச் சாட்டைக்காரனைப் பார்த்தேன். நோஞ்சான்களாக வந்த குழந்தைகளின் மலத்தில் அது இருந்தது. பன்றி வளர்க்கும் ஒருவரின் மலம் வந்த டின்னில் மயிர்த்துடுப்புக்காரனைக்கூட ஒரு முறை பார்த்துவிட்டேன். ஆனால் அமீபா ஊர்வதை மட்டும் பார்க்கவில்லை.

காரணம் எளிமையானது. சீதபேதி உண்டாக்கும் அமீபா உடம்புச் சூட்டில்தான் ஊரும். வெளியே வந்து அரைமணி நேரம் ஆனால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அதன் பிறகு அதற்கும் சீழ் அணுவுக்கும், குடலில் சும்மா குடியிருக்கும் தீங்கில்லாத இன்னொரு அமீபாவுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். வார்டில் இருந்தவர்களின் மலத்தைச் சூடாக எடுத்துவரச் சொல்லி நானாவே பார்ப்பார். அது நல்ல மைக்ரோஸ்கோப்பின் வேலை. எனக்கு வந்ததெல்லாம் வெளியூர் டின்கள். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரியில் வரும்போது அவை நன்றாகக் குளிர்ந்திருக்கும். அதோடு இன்னொரு தொல்லை. அசுத்தமான பொருளை அப்படியே அடுத்தவர் கையில் கொடுப்பதா என்று நம் பெண்கள் டின்னை விளக்கி, மேலே ஒரு பிடி அடுப்புச் சாம்பலைக் கொட்டி, வாழையிலையால் மூடி நாரால் கட்டி அனுப்புவார்கள். மரியாதைக்காகச் செய்வது. லென்ஸில் பார்த்தால் கருப்புத் துகள்களைத் தவிர ஒன்றும் தெரியாது. எதுவும் உயிரோடும் இருக்காது. “காணப்படவில்லை” என்று எழுதி அனுப்புவோம். நானும் நானாவும் அந்தக் கட்டுகளைப் பிரிக்கும்போது சிரித்திருக்கிறோம்.

தினமும் விறகு எரித்து ஓடும் ரயிலில் கிள்ளானுக்குப் போய்த் திரும்புவேன். ஜப்பானியர் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்ததால் காலையில் கிளம்பும்போது இருட்டாக இருக்கும். திரும்பிவந்து கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். அம்மா மெலிந்துகொண்டு வந்ததை நான் பார்க்காமல் இல்லை. எல்லோரும்தான் மெலிந்திருந்தோம்.

முன்வீட்டில் இருந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிணற்றடியில் நிறுத்தினாள்.

“என்னா லா நீ, ஆஸ்பத்திரியில ஊரு பீயெல்லாம் பாக்குற. வீட்டுல ஒங்கம்மா நேத்து எட்டு தடவ கொல்லைக்குப் போச்சு. ரெத்தமா போவுது. தெரியாதா ஒனக்கு?”

தெரியாது. மூன்று மாதமாக இருந்ததாம். நான் ரயிலேறிய பிறகு துணிகளை அலசிக் காயவைத்து, நான் வருவதற்குள் மடித்து வைத்துவிடுவாளாம். அடை வாங்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்பது ஒரு காரணம். அந்த அடையைத் தின்றவர்களுக்கு என்ன ஆனதோ என்று எனக்குப் பிறகு வந்த கவலை வேறு விஷயம். ஆனால் என்னிடம் ஏன் மறைத்தாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மறுநாளே டாக்டரிடம் சொன்னேன். பழைய சர்க்கார் காலத்து எமடின் ஊசி அவரிடம் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. சீதபேதி இரண்டு வகை. அமீபாவால் வந்ததென்றால் அந்த ஊசி காப்பாற்றும். வேறு கிருமியால் வந்ததென்றால் ஊசியால் பயன் இல்லை. அதோடு, எமடின் இருதயத்தைப் பலவீனமாக்கும் மருந்து. ஏற்கெனவே நோஞ்சானாக இருப்பவர்களுக்குத் தவறாகப் போட்டால் அதுவே கொன்றுவிடும். அதனால் அவருக்கு ஒரு விதி இருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து “காணப்பட்டது” என்று எழுத்தில் வந்தால் மட்டுமே ஊசி. உன் அம்மாவுக்கும் அதுதான் என்றார். “டின்னைக் கொண்டு வாரும், பாப்பம்.”

அம்மாவிடம் சிகரெட் டின்னைக் கொடுத்தபோது அதைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னாள். “பெத்த பொண்ணு கையில குடுக்குற சாமானா இது?” என்றாள். காலையில் டின் தயாராக இருந்தது. பளபளவென்று விளக்கி, இலையால் மூடி, நாரால் கட்டி. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தில் பிரித்தபோது சாம்பல்.

நானா எட்டிப் பார்த்தார். டின்னின் மேல் எண் மட்டும்தான் இருந்தது. யாருடையதென்று அவருக்குத் தெரியாது.

“என்னம்மா, அடுப்பையே பேத்து அனுப்பிட்டாங்களா?”

வழக்கம்போல நானும் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார். நான் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அன்று மாலை அம்மாவிடம் சாம்பல் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்றே அப்போதும் நினைத்தேன். மறுநாள் சாம்பல் இல்லை. டின்னைப் பழைய துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரயிலேறினேன். என் சூடு அதற்குப் போதும் என்று ஒரு நம்பிக்கை. பாதி வழியில் விறகு ஏற்ற வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். கிள்ளானில் இறங்கும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

தகட்டில் உருண்டைகள் இருந்தன. அசையாத உருண்டைகள். ஒன்றை வெகுநேரம் பார்த்தேன். உள்ளே உட்கருபோல ஒரு வளையம், வளையத்தின் நடுவில் ஒரு புள்ளி. நடுவில் புள்ளியென்றால் அது சீதபேதி அமீபா. ஓரத்தில் என்றால் தீங்கில்லாதது. எனக்கு நடுவில்தான் தெரிந்தது. தாளை எடுத்து “காணப்பட்டது” என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

நானா தாளைப் பார்த்துவிட்டுத் தகட்டைத் தம்முடைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

“இதுல எது ஓடுது?”

“ஆறிப்போச்சு நானா. அதான் ஓடல. உட்கரு தெரியுதில்ல?”

“புள்ளி எங்க இருக்கு?”

“நடுவுல.”

“எனக்கு ஓரத்துல தெரியுது. இது சீழ் அணுவாகூட இருக்கலாம்.”

அப்போது நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இன்றைக்கும் அதை எழுதக் கை கூசுகிறது. “நீங்க படிச்சது ஏழாம் வகுப்பு. நான் சீனியர் வகுப்பு வரைக்கும் போனவ” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தாளை மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சரிம்மா. நீ படிச்சவ. இது யாரோடது?”

“எங்கம்மாவோடது.”

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவர் தாளை மெதுவாக நான்காகக் கிழித்தார்.

“அப்பன்னா கண்டிப்பா எழுத முடியாது. இது வேற ஏதாவதா இருந்து, ஊசியப் போட்டு, அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஆயுசுக்கும் இந்தக் கையெழுத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்ப. அவங்கள இங்க கூட்டிட்டு வா. சூடா எடுப்போம். ஓடுச்சுன்னா எழுதலாம்.”

அம்மாவை எப்படிக் கூட்டிவருவது? ரயிலில் இரண்டு மணி நேரம். பெட்டிக்குள் கழிப்பிடம் இருந்தும் உள்ளே நுழைய முடியாத கூட்டம். ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கு நடுவில். அன்று மாலை அவளிடம் சொன்னபோது எதிர்பார்த்த பதிலே வந்தது. “நான் வரல. பத்து பேரு பாக்க அங்க போயி இதச் செய்யறதுக்கு இங்கேயே கெடந்து போயிடுறேன்.” ஊசியைப் பற்றிச் சொன்னேன். டாக்டரைப் பற்றிச் சொன்னேன். அழுதேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இன்னும் பத்து நாள்கூடத் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

சொல்ல வேறு எதுவும் இல்லாததால் உண்மையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என் முறை வரவே இல்லை, அங்கே நான் மைக்ரோஸ்கோப்பைத் தொட்டதுகூட இல்லை, டாக்டரிடம் பொய் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தேன் என்று. இதுவரை ஒரு அமீபாகூட ஊர்ந்து பார்த்ததில்லை, இன்று காலை தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிக் கொடுத்தேன், அந்த நானா தாளைக் கிழித்தார் என்று. “எனக்கு அது தெரியாதும்மா. சூடா இருந்தாத்தான் ஓடும். ஒரு தடவ ஓடிப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.”

அம்மா கண்ணைத் திறந்தாள்.

“அப்ப நான் வந்தா நீ பாத்துப் படிச்சுக்குவியா?”

“ம்.”

“படிப்புக்குன்னா வரேன்” என்றாள்.

மறுநாள் விடியுமுன் இடுப்பில் இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூட ஒரு மிடறுதான். ஸ்டேஷன் வரை நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் ஒரு சீனக் கிழவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கூடையை மடியில் தூக்கி வைத்து இடம் கொடுத்தாள். அம்மா வழி முழுவதும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அவள் என்னைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம் மிகக் குறைவு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ரயில் மெதுவாகப் போகட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவளுடைய நிலையில் அது எவ்வளவு மோசமான நினைப்பு என்று தெரிந்தும் வந்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கழுவும் அறையை நானா காலி செய்து வைத்திருந்தார். கதவுக்கு ஒரு போர்வை தொங்கவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், “உள்ள போங்க ஆச்சி, இங்க யாரும் வர மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கரி அடுப்பை விசிறப் போனார். அடுப்பின்மேல் பழைய சதுரச் செப்புக் காசு ஒன்று சூடாகிக்கொண்டிருந்தது. தகட்டைச் சூடாக வைத்திருக்க அதுதான் அவருடைய வழி. சூடான காசை இடுக்கியால் எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வைத்துவிட்டால், நடுவில் இருக்கும் சொட்டுக்கு உடம்புச் சூடு கிடைக்கும். அதிகமானால் வெந்துபோகும். காசை முதலில் தம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த இடத்தில் அவருக்குச் சிறுசிறு சதுரத் தழும்புகள் இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

நல்ல மைக்ரோஸ்கோப்பின் முன்னாலிருந்த முக்காலியிலிருந்து அவர் எழுந்தார். “நீயே பாரு” என்றார்.

முதலில் குப்பை. அடுத்தடுத்து இரத்த அணுக்கள், வெளிர் மஞ்சளில், தட்டுத்தட்டாக. தகட்டை நகர்த்திக்கொண்டே போனேன். உருண்டையாக ஒன்று. நிறுத்தினேன். அது அசையவில்லை. இதுவும் சீழ் அணு என்று நினைத்தபோது, அதன் ஒரு பக்கத்திலிருந்து கண்ணாடிபோல ஏதோ வெளியே பிதுங்கியது. உள்ளே ஒன்றுமில்லாத, சுத்தமான கண்ணாடி. பிறகு உடம்பில் இருந்த துகள்கள் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் கடகடவென்று கொட்டின. பின்பக்கம் சுருங்கியது. அது இடம் மாறியிருந்தது. உடனே இன்னொரு பக்கம் பிதுங்கியது. மறுபடியும் ஒழுகியது. நான் வரைந்த படங்களில் எல்லாம் அதற்குக் கெட்டியாக ஒரு வெளிக்கோடு போட்டு, பென்சிலை அழுத்தி ஓட்டியிருந்தேன். அதற்குக் கோடே இல்லை. எங்கே முடிகிறது என்று அதுவே இன்னும் முடிவு செய்யாததுபோல இருந்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அந்த நேரம் முழுவதும் எனக்கு அம்மாவின் நினைவே இல்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

“என்ன தெரியுது?” என்று நானா கேட்டார்.

“ஓடுது நானா.”

“வயித்துக்குள்ள என்ன வச்சிருக்கு?”

அப்போதுதான் பார்த்தேன். அதனுள்ளே வட்டமாக, இலேசான பச்சை கலந்த மஞ்சளில் நான்கைந்து இருந்தன. இரத்த அணுக்கள். அது விழுங்கியவை. சும்மா குடியிருக்கும் அமீபா இரத்தத்தைத் தின்னாது. இதற்குப் பிறகு உட்கருவின் புள்ளி நடுவிலா ஓரத்திலா என்று பார்க்கத் தேவையே இல்லை. அவை யாருடைய இரத்தம் என்பது எனக்கு ஒரு கணம் கழித்தே தோன்றியது. முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நானா குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் போட்டார்.

அம்மா வெளியே பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர முயன்றாள்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேம்மா.”

“ஓடுச்சா?”

“ஓடுச்சு.”

பரீட்சை முடிவு வரும் நாளில் கேட்கிற அதே குரல். “போதும்” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். தனக்கு ஊசி உண்டா இல்லையா என்று கேட்கவே இல்லை.

அன்று பகலிலேயே பெண்கள் வார்டில் சேர்த்து முதல் ஊசி போட்டார்கள். ஊசி போடும் நாட்களில் எழுந்து உட்காரவே கூடாது. இருதயம் தாங்காது. ஒவ்வொரு நாளும் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்த பிறகே அடுத்த ஊசி. நான்காம் நாள் நாடி தடுமாறுகிறது என்று ஊசியை நிறுத்திவிட்டார். அன்று முழுவதும் நான் ஆய்வுக்கூடத்தில் எந்தத் தகட்டில் என்ன பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. நானா என் டின்களையும் சேர்த்து அவரே பார்த்து முடித்தார். ஐந்தாம் நாள் நாடி சரியாகி, ஊசி தொடர்ந்தது.

படுத்த படுக்கையில் இருந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். மலத்தட்டு வைப்பது, எடுப்பது, துடைப்பது. ஒவ்வொரு முறையும் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பேச்சுக் கொடுத்தால் “வேலைக்கு நேரமாச்சு, போ” என்பாள். நான் போவேன். ரயிலில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கை போர்வைக்குள் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றிருக்கும். பிடித்ததில்லை.

எட்டாம் நாள் இரத்தம் நின்றுவிட்டது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். மதியம் ஆய்வுக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு கஞ்சியோடு வார்டுக்குப் போனேன். கதவருகில் போகும்போதே அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள் ஒரு தோட்டத்துப் பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். டின்னைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று அவள் காலையிலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“வெக்கப்பட்டு நான் மூணு மாசம் மறைச்சு வச்சேன் தாயி. ராத்திரியில ரெத்தத்தப் பாத்துட்டு, விடியறதுக்குள்ள போயிடுவேன்னு எத்தன நாளு உக்காந்திருந்தேன் தெரியுமா. எம்பொண்ணு பக்கத்துலதான் படுத்துருக்கும். எழுப்பிச் சொல்லலாம்னு கைய நீட்டுவேன். அப்பறம் மடக்கிக்குவேன். அது படிச்ச பொண்ணு. நான் பேசுனா பாதி வார்த்த அதுக்குப் புடிக்காது. இதப் போயி எந்த வார்த்தையில சொல்றது? தூங்கும்போது அது வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கும், கைப்புள்ளையா இருந்த மாதிரியே. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

அந்தப் பெண் ஏதோ கேட்டாள். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. பிறகு இன்னும் சொன்னாள். அப்பாவைப் பற்றி, நான் பிறந்த இரவில் பெய்த மழையைப் பற்றி, நான் முதன்முதலில் எழுதிய எழுத்தைத் துடைக்க மனமில்லாமல் சிலேட்டை ஒளித்து வைத்ததைப் பற்றி. எதையும் நான் அதற்கு முன் கேட்டதில்லை. இப்போதும் அவளிடம் கேட்டால் “அதெல்லாம் என்னா கத” என்று எழுந்து போய்விடுகிறாள்.

உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தெரியும். அந்தக் கட்டிலில் படுத்திருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத, டின்னை வாங்காமல் அடம்பிடிக்கும் அந்தப் பெண்ணாக ஒரு மணி நேரம் இருக்க முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. கஞ்சிக் குவளையைப் பிடித்துக்கொண்டு, அம்மா பேசி முடிக்கும்வரை கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.